பிடித்த பாட்டைச் சொல்வதன் பொருள்

ஒரு பாடற்குழுவின் மேல் பற்றுக்கொண்டவர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு சீக்கிரமே ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: உனக்குப் பிடித்த பாட்டு எது? பீட்டில்ஸ், பிங்க் ஃப்ளாய்ட் போன்ற ராக் குழுக்களின் ரசிகர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் வடசென்னைக் கடலோரத்தில், கானா பாடுபவரைச் சூழ்ந்து உட்கார்ந்தவர்களும் இதையே கேட்கிறார்கள். கேள்வி எளியது. அதற்குள் இருக்கும் சிக்கல் பழையது. விருப்பம் அவரவர் சொந்த விஷயம் என்றால் அதைப் பிறரிடம் சொல்ல வேண்டிய தேவை என்ன? பிறருக்கும் அது பொருந்தும் என்றால், கேட்டவர் தலையசைக்காதபோது குறை யாரிடம்? சமயமும் இதே கேள்வியைச் சந்திக்கிறது. தனக்கு அருள் தந்த பாடலை இன்னொருவர் முன் வைக்கும் அடியாரும், தனக்குப் பிடித்த பாட்டை நண்பனைக் கேட்கச் சொல்லும் ரசிகரும் செய்வது ஒரே வகையான செயலா?

கானாவைக் காப்பது யார்?

கானா ஏட்டில் வளர்ந்த கலை அன்று. துறைமுகக் கூலிகள், மீனவர்கள், ஆலைத் தொழிலாளர்கள், ரிக்‌ஷா ஓட்டியவர்கள் வாழ்ந்த தெருக்களில் வாய்மொழியாக வளர்ந்தது. அதன் முதன்மையான களங்களில் ஒன்று சாவு வீடு. மரண கானாவில் இறந்தவரின் பெயரும் உறவும் குணமும் பாட்டுக்குள் வந்து சேரும். இரவு முழுக்கப் பாட்டு நீளும். கூடியிருப்பவர்கள் இன்ன பாட்டைப் பாடு என்று கேட்பார்கள். தாயை இழந்தவர் தாய்ப் பாட்டைக் கேட்பார், நண்பனை இழந்தவர்கள் நட்பின் பாட்டைக் கேட்பார்கள்.

ராக் குழுவின் பாட்டு இசைத்தட்டில் இருக்கிறது. யாரும் விரும்பாவிட்டாலும் தட்டு அழியாது. வாய்மொழிப் பாட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒருவர் விரும்பிக் கேட்டு, இன்னொருவர் மனப்பாடம் செய்து, மூன்றாமவர் அடுத்த தெருவில் பாடினால்தான் அது உயிரோடிருக்கும். 1990-களில் இசையமைப்பாளர் தேவாவின் திரைப்பாடல்கள் வழியாகக் கானா தமிழகம் முழுக்கப் பரவியது. பின்னர் கானா உலகநாதன், கானா பாலா போன்ற பாடகர்கள் திரையில் பெயர் பெற்றார்கள். திரைக்கு வரும் முன்பே அந்தப் பாட்டுகளை உயிரோடு வைத்திருந்தது, அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்களின் விருப்பம். ஆகவே இந்த மரபில் பிடித்த பாட்டைச் சொல்வது வெறும் பேச்சாகாது. பாட்டைக் காக்கும் வேலையில் அதுவும் ஒரு பங்கு.

சுவைக்கு அளவுகோல் உண்டா?

ஐரோப்பிய மெய்யியலில் இந்தக் கேள்விக்குப் புகழ்பெற்ற இரண்டு விடைகள் உண்டு. டேவிட் ஹியூம் 1757-ல் வெளியிட்ட கட்டுரையில், அழகு பொருளில் இல்லை, அதை உணரும் மனத்தில்தான் இருக்கிறது என்ற கருத்தை எடுத்துக்கொண்டார். அதற்காக எல்லாச் சுவையும் சமம் என்று அவர் விட்டுவிடவில்லை. நுட்பமான உணர்வும் நீண்ட பயிற்சியும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமும் உடையவர்கள், முன்முடிவு இல்லாமல் கூடிச் சொல்லும் தீர்ப்பே அளவுகோல் என்றார். இம்மானுவேல் கான்ட் 1790-ல் எழுதிய நூலில் வேறு பாதையை எடுத்தார். ஒரு பானம் எனக்கு இனிக்கிறது என்று சொல்பவர் தன்னைப் பற்றி மட்டும் சொல்கிறார். இது அழகானது என்று சொல்பவரோ மற்றவர்களும் ஒப்ப வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். அந்த எதிர்பார்ப்பை எந்த வாதத்தாலும் நிறுவ முடியாது. அப்படியிருந்தும் அதை விட முடிவதில்லை.

இந்திய மரபு இதே இடத்துக்கு இன்னொரு வழியில் வந்தது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தது. நாட்டிய சாத்திரம் எட்டுச் சுவைகளைச் சொன்னது. காசுமீரத்து அறிஞர் பட்டநாயகரும், ஏறத்தாழ 1000-ம் ஆண்டில் வாழ்ந்த அபிநவகுப்தரும் ஒரு படி மேலே சென்று கேட்டார்கள்: சொந்த வாழ்வில் துன்பமாக இருக்கும் அழுகை, கலையில் எப்படிச் சுவையாகிறது? அந்த உணர்வு ஒருவருக்கு மட்டும் உரியதாக இருப்பதை விட்டு எல்லோருக்கும் பொதுவாகிவிடுகிறது என்பது அவர்கள் தந்த விடை. மரண கானா கேட்கும் கூட்டத்தில் இந்தக் கொள்கை கண்முன்னே நடக்கிறது. ஒருவருடைய தாயைப் பற்றிய பாட்டு, கேட்பவர் ஒவ்வொருவரின் தாயையும் நினைவில் கொண்டுவந்து நிறுத்துகிறது. துக்கம் குறைவதில்லை. அதைச் சுமப்பவர்களின் எண்ணிக்கை கூடுகிறது.

இரு மரபுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். பாட்டின் மேல் விருப்பம் ஒருவர் நெஞ்சில் பிறக்கிறது. ஆனால் அதன் இயல்பு அங்கேயே தங்கியிருப்பதில்லை. பிறரை நாடிச் செல்வதுதான் அதன் இயல்பு.

ஒற்றியூரும் தண்டையார்பேட்டையும்

இதைச் சமய வாழ்வில் வைத்துப் பார்க்கத் திருவொற்றியூரைப் போன்ற ஊர் அரிது. தியாகராசர் கோயில் அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவராலும் பாடப்பெற்ற தலம். தாம் மணம்புரிய விரும்பிய சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழமரத்தடியில் சூளுரைத்த சுந்தரர், அதை மீறி ஊர் எல்லையைக் கடந்ததும் பார்வை இழந்தார் என்றும், பாடிப் பாடியே காஞ்சியில் ஒரு கண்ணையும் ஆரூரில் மறு கண்ணையும் பெற்றார் என்றும் பெரிய புராணம் சொல்கிறது. பட்டினத்தார் அடங்கிய இடம் இவ்வூர்க் கடற்கரையில் இருக்கிறது. தாயின் ஈமச்சடங்கில் அவர் பாடியதாக மரபு சொல்லும் பாடல்கள் இன்றும் தமிழர் சாவு வீடுகளில் ஒலிக்கின்றன. தியாகையர் இங்கே வந்து திரிபுரசுந்தரி மேல் சுத்த சாவேரி, பேகடை, கல்யாணி, ஆரபி, சாவேரி ஆகிய ராகங்களில் ஐந்து கிருதிகள் பாடினார். அவை தெலுங்கில் இருக்கின்றன. தெலுங்கு தெரியாத தமிழ் ரசிகர் தலைமுறைகளும் அவற்றைத் தம் பாடல்களாகவே கொண்டாடின. ஏழுகிணறு பகுதியில் வாழ்ந்த வள்ளலார் ஒற்றியூருக்கு வந்து வழிபட்டு, வடிவுடையம்மன் மேல் மாணிக்க மாலை பாடினார்.

இத்தனை பாடல்களில் எது உயர்ந்தது என்று எந்த அடியாரும் பட்டியல் போடுவதில்லை. ஒருவருக்கு ஒரு பதிகம் கைவிளக்காகிறது, இன்னொருவருக்கு மாலையின் ஒரு செய்யுள். தெய்வம் ஒன்றேயானாலும் அணுகும் வழி ஆளுக்கு ஒன்று என்பதை ஏற்ற மரபில், பிடித்த பாட்டு வேறுபடுவது குறையாகத் தோன்றுவதில்லை.

தண்டையார்பேட்டைப் பகுதியில் வாழ்ந்து 1838-ல் மறைந்த சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபு இன்னும் துலக்கமான சான்று. தொண்டியிலிருந்து வந்த அவர் பெயராலேயே அப்பகுதி தொண்டியார்பேட்டை ஆனது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அவர் பாடல்களில் உருகியவர்களில் சைவப் புலவர்களும் உண்டு. திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் அவர் மேல் நான்மணிமாலையே பாடினார். சமயம் மாறாமலே ஒரு சைவர் ஒரு முஸ்லிம் ஞானியின் பாட்டில் தம் அனுபவத்தைக் கண்டார். கொள்கை ஒப்புதல் வராத இடத்துக்கும் பாட்டின் மேல் வந்த அன்பு போய்ச் சேர்ந்தது.

அருட்பா தகராறு

பாட்டின் மேலுள்ள பற்று எப்போதும் இவ்வளவு இணக்கமாகப் போனதில்லை. வள்ளலாரின் பாடல்கள் 1867-ல் திருவருட்பா என்ற பெயரில் சென்னையில் அச்சேறின. தேவாரம், திருவாசகம் போன்ற பழைய நூல்களே அருட்பா, வாழும் ஒருவரின் பாடலுக்கு அந்தப் பெயர் தகாது என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் கண்டித்தார். தகராறு நீதிமன்றம் வரை சென்றது. வள்ளலார் மறைந்த பிறகும் இரு தரப்பு மாணவர்களிடையே அது பல பத்தாண்டுகள் தொடர்ந்தது.

நாவலரின் கவலையைச் சிறியதாக எண்ணக் கூடாது. தமக்குப் பிடித்தது என்பதாலேயே ஒரு கூட்டம் எதையும் மறை என்று அறிவித்துவிடலாமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு விடை கிடைத்தது வாதத்திலோ வழக்கிலோ அல்ல. பசித்தவருக்குச் சோறிடுவதே வழிபாடு என்று வாழ்ந்தவர்கள் அந்தப் பாடல்களைப் பாடினார்கள், அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இன்று தமிழ்நாட்டுக் கோயில்களிலும் வீடுகளிலும் திருவருட்பா ஒலிக்கிறது. பாடலுக்குப் புனிதத்தை அதிகாரம் தரவில்லை. வாழ்க்கையால் உறுதிசெய்யப்பட்ட விருப்பம், தலைமுறை தாண்டிப் பகிரப்பட்டபோது தந்தது.

ரசிகரும் அடியாரும்

அப்படியானால் ரசிகப் பற்றும் பக்திதானா? 1966 மார்ச் மாதம் லண்டன் செய்தித்தாள் ஒன்றில் வந்த பேட்டியில், பீட்டில்ஸ் இப்போது ஏசுவைவிடப் புகழ்பெற்றிருக்கிறது என்ற பொருளில் ஜான் லெனன் பேசினார். சில மாதங்கள் கழித்து அது அமெரிக்காவில் மறுபடி அச்சானபோது, தென் மாநிலங்களில் அக்குழுவின் இசைத்தட்டுகள் எரிக்கப்பட்டன. 1968-ல் அதே குழுவினர் ரிஷிகேசத்தில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் தங்கித் தியானம் பயின்றார்கள். கோடிக்கணக்கான மக்களின் அன்பைப் பெற்றவர்களே அந்த அன்பு போதாமல் வேறொன்றைத் தேடிச் சென்றார்கள்.

ரசிகரும் அடியாரும் பல வகையில் ஒத்திருக்கிறார்கள். இருவரும் ஒரே பாடலை ஆயிரம் முறை கேட்டாலும் சலிப்பதில்லை. இருவருக்கும் தம்மைப் போன்றவரின் கூட்டம் வேண்டும். அடியார் இணக்கத்தைச் சைவ சித்தாந்தம் வீடுபேற்றுக்குத் துணையாகவே வைத்திருக்கிறது. வேறுபாடு வாழ்க்கையின் மேல் வைக்கும் கோரிக்கையில் இருக்கிறது. பக்தி அடியாரின் நடத்தையை மாற்றச் சொல்கிறது, தன்னை விட்டுக்கொடுக்கச் சொல்கிறது. ரசனை அப்படிக் கட்டாயப்படுத்துவதில்லை. ரசனை பக்தி ஆகாது. ஆனால் தன்னைவிடப் பெரிதான ஒன்றின் முன் கவனத்தோடு அமரும் பழக்கத்தை அதுவும் கற்றுக்கொடுக்கிறது.

யார் ரசிகர்?

ஹியூமின் அளவுகோலிலும் சுவைக் கோட்பாட்டிலும் ஒரு குறை உண்டு. தேர்ந்த ரசிகர், ஒத்த நெஞ்சுடையவர் என்று சொல்லும்போது, அந்தத் தேர்ச்சியைப் பெற யாருக்கு வாய்ப்பு இருந்தது என்று அவை கேட்கவில்லை. சென்னையின் இசை அரங்குகள் நெடுங்காலம் கானாவைக் கலையாகவும் அதைக் கேட்பவர்களை ரசிகர்களாகவும் எண்ணவில்லை. பாட்டை ஒதுக்கியதன் அடியில் மக்களை ஒதுக்கிய சாதி இருந்தது.

இதற்கு விடையாக எழுந்தது ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய இக்குழு 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து குழுவின் பெயர் பிறந்தது. கானாவும் பறையும் ராப்பும் ராக் இசையின் கிடாரும் டிரம்ஸும் ஒரே மேடைக்கு வந்தன. அதன் பாடகியான ராயபுரத்து இசைவாணி, ஆண்களே பெரும்பாலும் பாடிவந்த கானாவில் பெயர் பெற்று, 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

அவர் பாடிய ஐயப்பன் பற்றிய பாட்டு, பகிர்வின் கடினமான பக்கத்தைக் காட்டுகிறது. கோயில் நுழைவு உரிமை கேட்கும் குரலாக அதை நேசித்தவர்கள் பலர். தம் நம்பிக்கையைப் புண்படுத்துவதாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. 2024 நவம்பரில் அது குறித்துக் காவல்துறையில் புகார்கள் கொடுக்கப்பட்டன. ஒருவரின் நெஞ்சுக்கு நெருங்கிய பாட்டு இன்னொருவருக்குக் காயமாகும்போது, எனக்குப் பிடிக்கிறது என்பது போதுமான விடையாகாது, எனக்குப் பிடிக்கவில்லை என்பதும் போதுமான தடையாகாது. பாடுபவர் எந்த வாழ்விலிருந்து பாடுகிறார் என்று கேட்பவர் அறிய வேண்டும். கேட்பவர் எதைப் போற்றுகிறார் என்று பாடுபவரும் அறிய வேண்டும். வாசல் மறுக்கப்பட்டவர்களின் பாட்டுக்குக் காது கொடுப்பது அதில் முதல் கடமை, ஏனென்றால் மிக நீண்டகாலம் கேட்கப்படாமல் இருந்தது அந்தக் குரல்தான்.

தீர்ப்பும் சாட்சியும்

வடசென்னையின் கிறிஸ்தவ ஜெபக்கூட்டங்களில் சாட்சி சொல்லும் வழக்கம் உண்டு. தனக்கு நடந்ததை ஒருவர் எழுந்து சொல்வார். கேட்பவரை அவர் கட்டாயப்படுத்துவதில்லை, தான் சொல்வது பொய்யில்லை என்பதற்குத் தன் வாழ்வை ஈடாக வைக்கிறார். பிடித்த பாட்டைச் சொல்வதும் இந்த வகையைச் சேர்ந்தது. இதுவே சிறந்த பாட்டு என்று சொல்வது தீர்ப்பு. அதை எதிர்த்து வாதிடலாம், வாதம் முடிவதில்லை. இந்தப் பாட்டு என்னைத் தாங்கியது என்று சொல்வது சாட்சி. அதைக் கேட்டவர் ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். சொன்னவரை அது பொய்யராக்காது.

கான்ட் கண்ட நிறுவ முடியாத எதிர்பார்ப்புக்கும், அருட்பாவை வாழவைத்த அடியார்களின் உறுதிக்கும், மரண கானாவில் ஒரு பாட்டைக் கேட்டு வாங்கும் மகனின் தேவைக்கும் இந்த விளக்கம் பொருந்துகிறது. சாட்சிக்கு இரண்டு கடமைகள் உண்டு. சொல்பவர் உண்மையாகச் சொல்ல வேண்டும், பிறர் சாட்சியையும் அதே பொறுமையோடு கேட்க வேண்டும். இவ்விரண்டும் இருக்கும் இடத்தில் எது சிறந்தது என்ற சண்டைக்கு வேலை இல்லை. பாட்டை உயிரோடு வைத்திருப்பதும், அதைக் கேட்டவர்களை ஒருவருக்கொருவர் உறவாக்குவதும் அந்தப் பகிர்வுதான்.