தெருவோரம் நின்று கேட்டார்கள்

 

மதீனா நகரிலே சித்தத்தில் கோளாறுள்ள ஒரு பெண்மணி இருந்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்கொரு காரியம் ஆக வேண்டும் என்றார். நாயகம் அவர்கள் அவரை விரட்டவில்லை. இன்னாரின் தாயே என்று மரியாதையாய் அழைத்து, அவர் விரும்பும் தெருவில் நின்று பேசலாமெனக் கூறி, காரியம் முடியும் வரை உடன் நின்றார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. புத்தி பேதலித்த பின்னும் அவர் ஒருவரின் தாய் என்பதை நாயகம் அவர்கள் மறக்கவில்லை.

நாம் மறந்தோம். நம் கடை ஐந்தடியில் மாலை வேளையில் ஓர் அம்மாள் வந்து நின்று தனக்குத்தானே பேசுவார். வாடிக்கைக்காரர் ஒதுங்கிப் போகிறார்களே என்று இரண்டு வெள்ளியைக் கொடுத்து அப்பால் அனுப்புவோம். தருமம் செய்துவிட்டதாய் ஒரு நினைப்பு வேறு! ஒருநாள், சரக்கு அடுக்கிக்கொண்டிருந்த பையன், "முதலாளி, அது என் உம்மா" என்று தலை குனிந்தான். எட்டு மாதம் நம்மிடம் வேலை பார்த்தவன். மகன் இருக்கும் இடமென்றுதான் அவர் வந்து நின்றிருக்கிறார்.

அவன் ஏன் மறைத்தான்? நம் வாய்க்குப் பயந்துதான். தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டிய ஆள் என்று கல்லாவில் உட்கார்ந்து எத்தனை முறை சிரித்திருப்போம்! 1911-ல் அங்கே ஏற்பட்ட ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் குணமடைந்து வீடு திரும்பினர். ஊரில் நிலைத்தது ஏச்சுச் சொல்தான்.

ஓதிப் பார்ப்பதை நாம் தடுக்கவில்லை. ஆனால், நோயை இறக்கிய அல்லாஹ் அதற்கு மருந்தையும் இறக்கினான் எனக் கேட்டறிந்த நாம், டாக்டரிடம் காட்டாமல் தாயைக் கட்டிப் போடலாமா? 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைத்திருந்த நோயாளிகள் ஓட வழியின்றிக் கருகினார்கள். மாண்டவர் 28 பேர். அத்தகையோரை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் பகைவரல்லர்; சொந்தக் குடும்பத்தார்.

பிள்ளை பெற்ற பெண் முதல் இரண்டு வாரத்தில் உறக்கமின்றி, சம்பந்தமில்லாமல் பேசி, இல்லாததைக் கண்டு அஞ்சினால், ஜின் என்று நாள் கடத்தாதீர்கள். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் நோய் அது; குணமாகக் கூடியது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நம் பையனின் உம்மாவுக்கு இப்போது மாதம் ஓர் ஊசி. அன்று அவனுக்குச் சம்பளத்தோடு விடுப்பு. சொத்தைக் காத்துக்கொள்ள இயலாதவருக்கு அதிலிருந்து உணவும் உடையும் கொடுக்கும்படியும், அவரிடம் நல்வார்த்தை பேசும்படியும் குர்ஆன் (4:5) கட்டளையிடுகிறது. கணக்குப் பார்க்கும் நமக்கு முதலிரண்டும் எளிது. மூன்றாவதுதான் பழக வேண்டியிருக்கிறது. ரமலானில் நோன்புக்காக மருந்தை நிறுத்துவோரும் உண்டு. முக்கியமாய் லித்தியம் சாப்பிடுவோர், உடலில் நீர் வற்றினால் ஆபத்தாகையால், முன்கூட்டியே டாக்டரைக் கேட்க வேண்டும். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை உண்டே!

அந்த அம்மாள் இன்னமும் சில மாலைகளில் வருகிறார். நாற்காலி போட்டுத் தேநீர் கொடுக்கிறோம். பேச்சு சில நாள் விளங்கும், சில நாள் விளங்காது. மஃரிபு பாங்கு கேட்டதும் எழுந்து, மகனோடு வீட்டுக்குப் போகிறார்.