காடியின் ஆழம்

தோலில் கைத்தையல் போடுகிறவன் ஊசியைத் தொடுவதற்கு முன் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். நூல் ஓடப்போகும் தடத்தை வெட்டி எடுப்பதா, அழுத்தி எடுப்பதா? பார்க்கிறவருக்கு இது கருவிப்பெட்டியோடு முடிகிற விஷயம். இலங்கையின் மாத்தளையில் செருப்பும் வாரும் பையும் தைத்துப் பிழைக்கிற எனக்கு, கொல்லாமையைப் பற்றி யோசிக்க வாய்த்த இடமே இந்தத் தடம்தான்.

வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். செருப்பு வாரில் நூல் மேலே துருத்திக்கொண்டிருந்தால் கல்லிலும் மணலிலும் அதுதான் முதலில் உரசும். நூல் தேய்ந்தால் தையல் விட்டுப்போகும். அதனால் விளிம்பையொட்டி மெல்லிய காடி ஒன்று போட்டு, நூலை அதற்குள் படுக்க வைக்கிறோம். வெட்டுகிற கருவி குரூவர். ஒரு தண்டு, விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓடும் ஒரு கால், தூரத்தை நிறுத்தி வைக்க ஒரு திருகு, நுனியில் துளையுள்ள சின்ன அலகு. தோலை மேசையில் அமர்த்தி நம் பக்கமாக இழுத்தால் அந்தத் துளை வழியே தோல் இழையொன்று சுருண்டு சுருண்டு வெளியே வரும். மற்றது கிரீசர், கூரில்லாத இரும்பு. தோலை லேசாக நனைத்து, இரும்பை விளக்கில் சூடுகாட்டி, அழுத்தி ஓட்ட வேண்டும். தோல் எதையும் இழக்காது, பதிந்து கொடுக்கும்.

எது சரி என்பதில் கைவேலைக்காரர்கள் ஒத்துப்போவதில்லை. தோலின் மேல்முகத்தில் நார்கள் நெருங்கிப் பின்னியிருக்கும். அதைச் சீவிவிட்டால் கீழே இருக்கும் தளர்ந்த நார் வெளியே வந்து ஈரத்தைச் சீக்கிரம் குடிக்கும். ஆழம் கொஞ்சம் கூடினாலும் வார் அந்தக் கோட்டிலேயே அறும். அழுத்திய தடமோ நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, மெல்ல மேலெழும்பிவிடும். மாத்தளை மழையில் அதற்கு அதிக நாள் ஆகாது.

என் அக்கா மகன் வேலை பழக வந்த புதிதில் கேட்டான்: "மாமா, அழுத்தியே முடிச்சிரலாம்னா எதுக்கு வெட்டணும்? செத்த மாட்ட மறுபடியும் அறுக்கிற மாதிரியில்ல இருக்கு?" சின்னப் பையன் பேச்சு என்று நான் அதைத் தள்ளவில்லை. கடைக்கு வருகிற பெரியவர்கள் கேட்கும் கேள்வியைவிட அது நேர்மையானது. அவர்கள், "இந்தத் தொழில் பாவமில்லையா?" என்பார்கள். மாசி மகத்தில் எங்கள் ஊர் முத்துமாரியம்மனின் ஐந்து தேரும் வீதிக்கு வரும்போது முன்னால் முழங்கும் தவிலில் இருப்பதும் தோல்தானே. அங்கே யாருக்கும் பாவம் நினைவுக்கு வருவதில்லை. கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும் கொடுத்த நந்தனார் கோயிலுக்கு வெளியே நின்றார் என்று பெரியபுராணம் சொல்லும் கதையைக் கேட்டுக் கண்ணீர் விடுகிறவர்களும் இவர்கள்தான். தோல் உள்ளே போகலாம், கொடுத்த கை வெளியே நிற்கவேண்டும் என்பதை எந்தச் சமயத்தின் பெயரால் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

அதற்காகப் பாவமே இல்லை என்றும் நான் சொல்லப்போவதில்லை. "இறைச்சிக்குக் கொன்ற மாடு, தோல் வெறும் மிச்சம்" என்று எங்கள் தொழிலில் ஒரு பதில் உண்டு. அது எனக்குப் போதவில்லை. தோலுக்கும் விலை இருக்கிறது. கொல்கிறவனின் கணக்கில் நான் கொடுக்கும் காசும் சேர்கிறது. பங்கு இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகு என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி.

அதற்கு எனக்குத் துணை கிடைத்தது பக்கத்திலேயே. ஊரிலிருந்து வடக்கே, தம்புள்ளைக்குப் போகும் ஏ9 வீதியில், சுமார் மூன்று கிலோமீற்றரில் அலுவிகாரை என்ற பௌத்தக் குகைக்கோயில். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்வழியாகவே காத்துவந்த பௌத்த மறைநூலான திரிபிடகத்தைப் பிக்குகள் ஓலையில் எழுதியது அங்கேதான் என்பது மரபு. பஞ்சமும் போரும் சூழ்ந்த காலம். மனப்பாடமாகச் சுமந்தவர்கள் மாண்டால் சுமையும் போய்விடுமே என்ற அச்சம். அந்தப் பிடகங்களில் ஒன்றான, பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநயத்தில், மகாவக்கத்தின் ஐந்தாம் பகுதி முழுக்கத் தோலைப் பற்றியது. நான் இந்து. ஆனாலும் என் தொழிலை இவ்வளவு பொறுமையாக எண்ணிப் பார்த்த வேறொரு சமய நூலை நான் கண்டதில்லை.

சோண கோளிவிசர் என்ற பிக்கு, செல்வர் வீட்டுப் பிள்ளை. வெறுங்காலோடு நடந்து நடந்து தியானம் செய்ததில் பாதம் வெடித்து, அவர் நடந்த தடம் மாடறுக்கும் இடம்போல் இரத்தமாகிறது. புத்தர் அவருக்கு ஒற்றை அட்டைச் செருப்பை அனுமதிக்கிறார். சோணர், எனக்கு மட்டும் என்றால் வேண்டாம் என்கிறார். சங்கம் முழுவதற்கும் அனுமதி வருகிறது. பிறகு அவந்தி நாட்டிலிருந்து மகாகச்சானர் என்ற பிக்குவின் வேண்டுகோள் வருகிறது: அங்கே மண் கறுத்து இறுகியது, மாட்டுக் குளம்பு பட்டுக் கரடானது. அந்த எல்லைப்புற நாடுகளுக்குப் பல அடுக்குச் செருப்பு அனுமதியாகிறது. தரைக்கேற்ப விதி இளகுகிறது.

அதே பகுதியில் இன்னொரு கதை. ஒரு பிக்கு அழகான கன்றொன்றின் தோலுக்கு ஆசைப்படுகிறார். அவருக்காக ஓர் உபாசகர் கன்றைக் கொன்று தோலைக் கொடுக்கிறார். பிக்கு அதைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டு போகிறார். தாய்ப்பசு அவர் பின்னாலேயே நடந்து வருகிறது. விஷயம் வெளிப்பட்டதும் மாட்டுத்தோலே பிக்குகளுக்கு விலக்காகிறது.

புண்பட்ட பாதமும் பின்தொடர்ந்த பசுவும் ஒரே பகுதியில் இருப்பதுதான் எனக்கு முக்கியம். கோப்பித் தோட்டக் காலத்தில், தோட்ட வேலைக்காக, என் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை தாண்டி, மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வழியில் விழுந்தவர்கள் ஏராளம். அந்தக் கால்களை நினைத்தால் செருப்பை வேண்டாத பொருள் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. பசுவை நினைத்தால் தோலை வீணாக்கவும் கை வராது.

வீணாக்காமல் இருப்பது என்றால், தைத்தது நாள்பட உழைக்க வேண்டும். இரண்டு வருடத்தில் அறும் செருப்பு எட்டு வருடம் தாங்கினால், அதே காலுக்கு அத்தனை குறைவான தோல் போதும். காடி எனக்கு அறக்கேள்வியாவது இங்கேதான். வாரிலும் அட்டையிலும் வெட்டத்தான் வேண்டும், ஏனென்றால் அங்கே உரசல் ஓயாது. ஆழம் எவ்வளவு என்பதற்கு எனக்கு ஓலைதான் பாடம். அலுவிகாரையில் இன்றும் வருகிறவர்களுக்கு ஓலையில் எழுதிக் காட்டுகிறார்கள். எழுத்தாணி கீறிச் செல்லும்போது எழுத்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. பிறகு எண்ணெயும் கரியும் பூசித் துடைக்கிறார்கள். மேலே பூசியது துணியோடு போகிறது, கீறலுக்குள் இறங்கியது மட்டும் கறுத்து நிற்கிறது. கீறல் மிஞ்சினால் ஓலை கிழியும். தோலிலும் கணக்கு அதுவே. நான்கு மில்லிமீற்றர் வாரில் காடி ஒரு மில்லிமீற்றரை எட்டக்கூடாது. நூல் படுக்கிற அளவு போதும். பணப்பை போன்ற மெல்லிய தோலில் உரசலும் குறைவு, சீவ இடமும் இல்லை. அங்கே குரூவரை எடுப்பதே தப்பு, கிரீசர்தான்.

எப்போதும் அழுத்தத்தான் வேண்டும், அதுவே கருணை என்று சொல்கிறவரோடு நான் ஒத்துப்போவதில்லை. தையல் விட்டுக் குப்பைக்குப் போகிற செருப்பில் கருணை எதுவும் மிஞ்சுவதில்லை. அழகுக்காக ஓரமெல்லாம் வெட்டுக்கோடு போடுகிறவர்களையும் எனக்குப் பிடிக்காது. நூல் போகாத இடத்தில் தோலை எடுக்க யார் உரிமை கொடுத்தது?

கன்றுத்தோலில் தைத்துத் தரச் சொல்லி வருகிறவர்கள் உண்டு. மெத்தென்று இருக்கும், விலையும் கிடைக்கும். நான் தைப்பதில்லை. மாட்டுத்தோல் தைக்கிறேனே, அதற்கும் ஒரு தாய் இருந்திருக்குமே என்று அக்கா மகன் கேட்கத்தான் செய்கிறான். இருந்திருக்கும். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இப்போதைக்கு அவனுக்கு அலகு தீட்டச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பாலிஷ் பூசிய நூலை அலகின் துளையில் விட்டு முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். மழுங்கிய அலகு வெட்டாமல் பிய்க்கும், பிய்ந்த வார் முழுதும் வீண். அதனால் ஒவ்வொரு புதுத்தோலுக்கும் முன்னால் அவன் அலகைத் தீட்டி, கழிவுத்துண்டில் ஓர் இழை இழுத்து என்னிடம் காட்டிவிட்டுத்தான் வாரில் கைவைக்கிறான்.