பசியும் பொறுப்பும்

பசியை ஒழிப்போம் என்று முழங்கிய நூற்றாண்டு ஒன்று கடந்து போயிற்று. அதன் வாரிசாக வந்த நூற்றாண்டு, பசியை மருந்தினாலே அடக்கும் வித்தையைக் கண்டுபிடித்திருக்கிறது. ஆனால் அது அடக்குவது சோறு கிடைக்காதவனின் பசியை அன்று. செமாகுளூட்டைட், டிர்செபடைட் ஆகிய ஊசி மருந்துகளே இன்று செல்வ நாடுகளின் பேச்சு. உண்டபின் குடலிலே சுரந்து, வயிறு நிரம்பிற்று என்று மூளைக்கு அறிவிக்கும் இயக்குநீரைப் போலவே இவை தொழிற்படுகின்றன. 2021இல் வெளிவந்த ஆய்வொன்றில், வாரம் ஓர் ஊசியாகச் செமாகுளூட்டைட் பெற்றவர்களின் உடல் நிறை 68 வாரங்களில் சராசரியாக 15 சதவீதமளவு குறைந்தது.

இவற்றோடு சேர்த்துப் பேசப்படுபவை, வைத்தியரின் சீட்டின்றியே விற்கப்படும் மெலிவு மாத்திரைகள். இரண்டுக்கும் வேற்றுமை யாது? ஒன்று வலியது, மற்றது மெல்லியது என்று சொல்லி விடுகிறோம். ஓர்லிஸ்டாட் என்ற மருந்தளவில் அது பொருந்தும். அமெரிக்காவில் அதன் 120 மில்லிகிராம் வில்லைக்குச் சீட்டு வேண்டும்; 60 மில்லிகிராம் வில்லையை 2007 முதல் வயது வந்த எவரும் கடையில் வாங்கலாம். ஆயினும் அந்தச் சிறு வில்லையும் சோதிக்கப்பட்ட பின்னரே கடைக்கு வந்தது. மூலிகை என்ற பெயரோடு குவிந்து கிடப்பவற்றின் கதை வேறு.

சிபுட்ராமினை எடுத்துக்கொள்வோம். 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, வைத்தியர்கள் எழுதிக் கொடுத்த மருந்து அது. இருதய நோயாளருக்கு மாரடைப்பையும் பக்கவாதத்தையும் அது கூட்டுகிறது என்று நீண்டதோர் ஆய்வு காட்டியதும், 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்டது. 2011இல் இந்தியாவும் தடை செய்தது. செத்த மருந்து பேயாக அலையத் தொடங்கிற்று! "முற்றிலும் இயற்கையானது" என்று அச்சிட்ட மாத்திரைகளுக்குள்ளே, பெயர் குறிக்கப்படாமல், அதே சிபுட்ராமின் கலந்திருப்பதைப் பல நாட்டு அதிகாரிகளும் மீண்டும் மீண்டும் கண்டுபிடித்து வருகிறார்கள்.

சீட்டு மருந்தும் தீங்கு செய்யக்கூடியதே. ஆனால் அந்தத் தீங்கைக் கணக்கெடுக்க ஏற்பாடு இருந்தது. கேள்வி கேட்க ஆள் இருந்தது. கேட்டபோது மருந்தும் மீளப் பெறப்பட்டது. கைப்பேசி விளம்பரத்தில் வந்து நம் மாணவியரின் கண்ணில் விழும் மாத்திரைக்குப் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. வாங்கியவளே குற்றவாளி, அவளே சாட்சி.

இந்த அளவோடு நின்றால் பிரச்னை எளிது. ஆனால் பொறுப்புக்கும் விலை வைத்து விற்கும் சமுதாயம் இது. செமாகுளூட்டைட்டின் ஒரு மாத அளவை 5 டொலருக்கும் குறைந்த செலவில் உற்பத்தி செய்யலாம் என்று 2024இல் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அமெரிக்காவில் அப்போது அதன் பட்டியல் விலையோ 900 டொலருக்கு மேல். பணமுள்ளவனுக்கு வைத்தியரும் சோதனையும் நல்ல மருந்தும். இல்லாதவனுக்கு மூலிகை லேபிளும் விதியும். மருந்து வாணிபத்தின் இந்த நியாயத்தை எதிர்த்துத்தான் பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரானார். அவர் 1977இல் மறைந்தார். அவருடைய கொள்கையை ஓரளவேனும் சட்டமாக்க 2015 வரை நாம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பருத்தவர் சோம்பேறி, தன்னடக்கம் அற்றவர் என்று பள்ளிக்கூடத்திலேயே பரிகசிக்கப் பழகிவிடுகிறோம். ஊசியை நிறுத்திய பின் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களோ, இழந்த நிறையில் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டுக்குள் மீளப் பெற்றார்கள். பசி மனவுறுதிக்கு மட்டும் கட்டுப்பட்டதன்று என்பதை விஞ்ஞானம் இன்று சொல்கிறது. 2009இன் முதல் மாதங்களில் ஒரு கோப்பைக் கஞ்சிக்காக வரிசையில் நின்ற வன்னி மக்களுக்கு அதை எந்த விஞ்ஞானியும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

2022இல் சாதாரண மருந்துகளுக்கே அல்லாடிய நாட்டுக்கு இந்த ஊசி எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2025 செப்டம்பரில் இவ்வகை மருந்துகளை அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்தபோது, அழகுக்காக மெலிய விரும்புவோரை எண்ணிச் சேர்க்கவில்லை. சீனி வருத்தத்தோடு உடற்பருமனும் இருதய நோயோ சிறுநீரக நோயோ உடையவர்களை எண்ணியே சேர்த்தது. ஸ்கந்தபுரத்திலிருந்து விடியுமுன் பஸ் ஏறி, கிளிநொச்சி ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் இலக்கம் எடுத்துக் காத்திருக்கும் கமக்காரர்களிலும் அத்தகையோர் இருக்கிறார்கள்.