பௌதிகமும் நம் பேரேடும்



நம் ஜமாஅத்துக் கூட்டங்களிலும் தேநீர்க் கடைப் பேச்சுகளிலும் விஞ்ஞானத்தைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் அடிக்கடி காதில் விழுகின்றன. "அது வெறும் கொள்கைதானே! இன்று ஒன்று சொல்வார்கள், நாளை வேறொன்று சொல்வார்கள்" என்று தள்ளிவிடுவது ஒன்று. "அவர்கள் இன்று கண்டுபிடித்ததெல்லாம் நம் மறையில் அன்றே உள்ளதுதான்" என்று அவசரமாக அணைத்துக்கொள்வது மற்றொன்று. விஞ்ஞானக் கொள்கை என்றால் என்ன என்று விசாரியாமல் பேசும் பேச்சே இரண்டும். வியாபாரிகளாகிய நமக்கு அதை விளங்கிக்கொள்வது அவ்வளவு கடினமான காரியமும் அன்று.

பௌதிகம் என்பது பொருள்களின் அசைவு, எடை, வெப்பம், ஒளி, மின்சாரம் ஆகியவை எந்த ஒழுங்கில் நடந்துவருகின்றன என்பதை அளந்து ஆராயும் சாஸ்திரம். அளக்காமல் பௌதிகம் இல்லை. நிறுக்காமல் வியாபாரம் இல்லை. ஆனால் அளந்து எழுதிவைப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுவதில்லை. ஏன் இப்படி நடக்கிறது என்று ஒரு காரணம் சொல்லி, அந்தக் காரணத்தைச் சோதிக்கவும் வேண்டும். சோதனையில் தேறிய காரண விளக்கத்துக்கே கொள்கை என்று பெயர்.

நம் கிடங்கில் சாதாரணமாக நடக்கும் ஒன்றைப் பார்ப்போம். வெங்காய மூட்டைகளை மூட்டை 50 கிலோ என்று பேரேட்டில் வரவு வைக்கிறோம். இரண்டு வாரம் கழித்து நிறுத்தால் எடை குறைகிறது. ஏட்டில் 50 என்று இருக்கிறது, ஆகையால் கிடங்குதான் தவறு என்று எந்த வியாபாரியும் சாதிக்கமாட்டான். இருப்புக்குத் தக்கபடி ஏட்டைத்தான் திருத்துவான். சரி, குறைந்தது ஏன்? ஈரம் காய்ந்தது என்பார் ஒருவர். கடைப் பையன் கை வைத்துவிட்டான் என்பார் மற்றொருவர். குறைந்த எடைக்கு இரண்டு காரணங்களும் பொருந்துகின்றன. எதை ஏற்பது? காய்ந்துதான் குறைந்தது என்றால், ஒரு மூட்டையை முத்திரை வைத்துப் பூட்டிவைத்தாலும் அது குறைய வேண்டும். பூட்டிய மூட்டையும் மற்றவற்றைப் போலவே குறைந்திருந்தால் பையன் நிரபராதி. இந்தச் சோதனையைச் செய்யாமல் அவன்மீது பழி சுமத்துவது அநியாயம். ஆதாரமில்லாத சந்தேகத்தை மார்க்கம் ஏன் இவ்வளவு கண்டிக்கிறது என்பதும் இங்கே விளங்கும்.

விஞ்ஞானிகள் செய்வதும் இதுவே. நடந்து முடிந்ததற்குப் பொருந்தும்படி யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லிவிடலாம். இன்னும் பார்க்காததையும் முன்கூட்டிச் சொல்லி, அது பொய்த்தால் விட்டுக்கொடுக்கத் தயாராய் நிற்பதே கொள்கைக்கு அழகு.

கெடாவில் வாழும் நமக்கு ரப்பரைவிட நல்ல உதாரணம் வேண்டாம். கூலிம், பாடாங் செராய், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரங்களில் நம்மவர் பலர் கடை வைத்தது பால் மரத்தை நம்பித்தான். பொட்டலம் கட்டும் தடித்த ரப்பர் வளையம் ஒன்றைச் சட்டென்று இழுத்து உதட்டில் வையுங்கள், சூடு தெரியும். இழுத்தபடியே சற்று ஆறவிட்டு, பிறகு தளர்த்தி வையுங்கள், குளிர்ச்சி தெரியும். இந்தச் செய்தியை 1805-இல் வெளியிட்டவர், குழந்தைப் பருவத்திலேயே கண்பார்வை இழந்த ஜான் காஃப் என்ற ஆங்கிலேயர். 1859-இல் ஜூல் என்ற விஞ்ஞானி இதை நுட்பமாய் அளந்து உறுதிப்படுத்தினார். எடை தொங்கும் இரும்புக் கம்பி சூடுபட்டால் நீளும். எடை தொங்க நன்றாய் இழுபட்ட ரப்பரோ சூடுபட்டால் சுருங்கி, அந்த எடையை மேலே தூக்கும். ஏன் இந்த வித்தியாசம்?

அளவு கையில் இருந்தது. காரணம் கிடைக்க நெடுங்காலம் சென்றது. ரப்பர் போன்ற பொருள்கள் ஆயிரக்கணக்கான கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனவை என்று ஸ்டௌடிங்கர் என்ற ஜெர்மானியர் 1920-இல் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1953-இல் அதற்காகவே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த அஸ்திவாரத்தின்மீது 1930-களில் விளக்கம் எழுந்தது. இந்தச் சங்கிலிகள் வெப்பத்தால் ஓயாமல் துள்ளிக்கொண்டிருக்கின்றன. ஒரு சங்கிலி நேராய் நிற்க வழிகள் மிகச் சில. சுருண்டு கிடக்க வழிகளோ எண்ணில் அடங்கா. ஆகையால் இழுத்து விட்டதும் அது சுருண்டுவிடுகிறது. சூடு ஏறினால் துள்ளல் மிகும். துள்ளல் மிகுந்தால் சுருங்கும் வேகமும் மிகும். எடை மேலே ஏறுவது இதனால்தான்.

இந்தக் கொள்கை சொல்லும் கணக்கை 1944-இல் இங்கிலாந்தில் டிரெலோர் என்பவர் அளந்து சோதித்தார். மிதமாக இழுத்தவரை கணக்கு ஏறத்தாழச் சரியாயிருந்தது. மிகவும் நீள இழுத்தபோது விலகிவிட்டது. அங்கே சங்கிலிகள் தம் முழு நீளத்தை நெருங்குகின்றன. ஒழுங்காய் அடுக்கிப் படிகமாகவும் ஆகின்றன. கொள்கையை எவரும் தூக்கி எறியவில்லை. எதுவரை செல்லும் என்று எல்லை குறித்தார்கள். அதற்கு அப்பால் செல்லும் கணக்கைப் பிறகு சேர்த்தார்கள். டிரெலோர் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையம் மலாயா முதலிய நாடுகளின் ரப்பர்மீது வசூலித்த தீர்வைப் பணத்தால் நடந்தது. விடியுமுன் விளக்கேந்திப் பால் வெட்டிய தொழிலாளரின் வியர்வையும் அந்த அறிவில் கலந்திருக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது.

"வெறும் கொள்கை" என்று பேசுவோருக்கு இதிலேயே பதில் இருக்கிறது. கணக்கைத் திருத்தும் வியாபாரியைப் பொய்யன் என்போமா? திருத்த மறுப்பவனிடம் அல்லவா நாம் எச்சரிக்கையாய் இருக்க வேண்டும்! கூலிமில் 1996-இல் திறக்கப்பட்ட உயர் தொழில்நுட்பப் பூங்காவில் தயாராகும் மின்னணுச் சில்லுகள் யாவும் பௌதிகக் கொள்கையை நம்பியே வேலை செய்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று அத்தகைய தொழிற்சாலைகளில் சம்பாதிக்கிறார்கள்.

எல்லாம் மறையில் உள்ளதுதான் என்போருக்கும் ஒரு வார்த்தை. அவர்களுடைய பக்தியை நாம் மதிக்கிறோம். ஆனால் கொள்கை திருத்தத்துக்கு உரியது; இறைவாக்கு அப்படியன்று. ஒன்றோடொன்றை முடிச்சுப் போட்டுவிட்டால், கொள்கை திருத்தப்படும் நாளில் நம் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வோம்? பஸராவில் பிறந்து, 1040-ஆம் ஆண்டையொட்டி மறைந்த இப்னுல் ஹைதம் அவர்கள் இந்த வழியில் போகவில்லை. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் பார்வை உண்டாகிறது என்று பழைய கிரேக்கப் பேரறிஞர் சிலர் சொல்லியிருந்தனர். பெரியவர்கள் சொன்னது என்பதற்காக அவர் அதை ஏற்கவில்லை. சிறு துவாரத்துக்கு முன் பல விளக்குகளை வைத்து, ஒன்றை மறைத்தால் எதிரே விழும் எந்த ஒளி மறைகிறது என்று சோதித்தார். ஒளிதான் கண்ணுக்குள் வருகிறது என்று நிலைநாட்டினார். அவருடைய ஈமான் இதனால் குறைந்துவிடவில்லை. படைப்பை நேர்மையாய் அளப்பதும் படைத்தவனுக்குச் செய்யும் மரியாதையே.

பௌதிகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஷஃபான் 29-ஆம் நாள் மாலை பிறை எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று கணக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். ஆனால் எந்த அளவை எட்டினால் மாதம் பிறந்ததாகக் கொள்வது என்பது மார்க்க அறிஞர்கள் தீர்க்க வேண்டியது. பிறையின் உயரம் 2 பாகை போதும் என்று முன்பு இருந்தது; இப்போது உயரம் 3 பாகை, சூரியனிலிருந்து விலகல் 6.4 பாகை என்று வைத்திருக்கிறார்கள். அளவைத் தருவது விஞ்ஞானம். அதைக் கொண்டு செய்ய வேண்டியதைத் தீர்ப்பது மார்க்கம். தராசும் அப்படியே. இந்த மூட்டை 46 கிலோ என்று அது சொல்லும். அதை 50 என்று விற்காதே என்று அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது நம் நெஞ்சிலிருக்கும் இறையச்சம்.

ஆகையால் சகோதரர்களே, கடையில் நிற்கும் நம் பிள்ளைகள் ஏன் என்று கேட்டால் அதட்டாதீர்கள். ரப்பர் வளையத்தைக் கையில் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கிடங்கைப் பார்த்து ஏட்டைத் திருத்தும் நேர்மையை அறிவிலும் தொழிலிலும் நமக்கும் நம் சந்ததிக்கும் வல்ல நாயன் தந்தருள்வானாக. ஆமீன்.