தமதல்லாத நிலத்தில் மலர்

பூச்செடி வளர்ப்பதைப்பற்றிக் கட்டுரை எழுதப் புகுவது அன்பர்கள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கூலி, குடியிருப்பு, பிள்ளைகளின் கல்வி என்று எத்தனையோ இருக்கப் பூவும் ஒரு பொருளோ என்று கேட்பார் கேட்கட்டும். நாம் பேச வந்த பூச்செடி அந்தக் குடியிருப்பு என்னும் வினாவின் வாசற்படியிலேயே முளைத்து நிற்பது. ஆதலின், பொறுத்துப் படிக்குமாறு வேண்டுகிறோம்.

கெமாஸ் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்க்கும் நம் நண்பர் ஒருவருக்குப் பியோனி மலர்மேல் ஆசை பிறந்தது. நம்மில் பலர் அம்மலரை நேரிற் கண்டிரோம். ஆயினும் படத்திற் கண்டிருப்போம். பாபா நியோன்யாக் குடும்பங்களின் பழைய பீங்கான் கிண்ணங்களில் பீனிக்ஸ் பறவைக்குப் பக்கத்தில் அடுக்கடுக்காக இதழ் விரிந்து நிற்பது அதுவே. சீனர் அதன் மர வகையை மூடான் என்று வழங்குவர். லோயாங் நகரம் அதனால் பேர்பெற்றது. நண்பர் வெளிநாட்டிலிருந்து மூன்று கிழங்குகளையும், துணைக்குச் சில ஐரிஸ் கிழங்குகளையும் தருவித்தார். குளிரில்லாமல் பியோனி பூக்காது என்று படித்தறிந்து, அவற்றை இரண்டு மாதம் குளிர்பெட்டியில் வைத்திருந்தார். "மீன் வைக்கிற இடத்துல கிழங்கை வச்சிருக்கீங்களே" என்று அவர் மனைவியார் கேட்டதற்கு அவரிடம் விடையில்லை. பின்னர்த் தொட்டியில் நட்டார். செந்நிற முளைகள் இரண்டு எழுந்தன, இலையும் விரிந்தது. நவம்பர் மழையில் இரண்டும் அழுகின. ஐரிஸ் கிழங்குகள் அதற்கு முன்னரே போய்விட்டன.

காரணம் எளிது. பியோனியின் மொட்டு, உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் பல வாரம் துயின்றெழுந்தாலன்றி மலர மாட்டாது. கெமாசில் விடியற்காலைக் குளிரென்று நாம் போர்வையை இழுத்துக்கொள்ளும் போதும் வெப்பமானி 22 பாகைக்குக் கீழ் இறங்குவது அரிது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள கேமரன் மலையிலும் இரவுக் குளிர் 14, 15 பாகையளவிலே நின்றுவிடுகிறது. நம் பால்மரங்கள் ஆண்டின் முற்பகுதியில் இலையுதிர்க்கும் காலத்தைத் துரைமார்கள் 'வின்டர்' என்று அழைத்தனர். பனியில்லாத அந்த மாரிக்காலத்தை நம் முன்னோர் சருகு மிதித்துக் கடந்தனர். அக்காலம் ரப்பருக்குப் போதும். துளிருடன் சிறு மஞ்சட்பூக்கள் வந்து காடெல்லாம் மணக்கும். பியோனிக்குப் போதாது.

நண்பர் செய்தது தகுமா என்று தோட்டத்திற் பேச்செழுந்தது. அப்பேச்சில் மூன்று கட்சிகள் இருந்தன. அவற்றுள் ஒன்று பொருட்படுத்தத் தக்கதன்று. காசைக் கரியாக்கினார் என்பதே அது. காசு அவருடையது. அவர் குடிப்பவரல்லர், நான்கிலக்கச் சீட்டு எடுப்பவருமல்லர்.

இரண்டாவது கட்சி தமிழறிந்தார் கூறியது. நிலத்திற்கு மலரால் பெயரிட்ட இனம் நம்முடையது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நம் முன்னோர் திணை வகுத்தனர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. இன்ன மலர் இன்ன நிலத்துக்குரியது என்று தெளிந்தவர் வழிவந்தோர், குளிர்நாட்டு மலரைக் கெமாசில் தேடுவது முறையோ என்றார்கள். கேட்பதற்கு நன்றாயிருக்கிறது. ஆனால் இவ்வாதத்தைச் சற்று உரசிப் பார்த்தல் வேண்டும். நமக்குச் சோறிட்ட ரப்பர் எந்நிலத்துக்குரியது? 1876-இல் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளைக் கொண்டுபோய் லண்டனுக்கருகிலுள்ள கியூ தோட்டத்திற் சேர்த்தார். மறு ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. இன்று ரப்பரின் இடத்தில் நிற்கும் செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவினது. துரை பங்களாவின் வேலியில் தொங்கிய காகிதப்பூ தென்னமெரிக்காவினது. 1960-இல் இந்நாட்டின் தேசிய மலராக்கப்பட்ட செம்பருத்தியும் அயலிலிருந்து வந்து வேரூன்றியதே. இவற்றையெல்லாம் வளர்த்த கைகள் எங்கிருந்து கப்பலேறி வந்தன என்பதைக் கூறவேண்டியதில்லை. வந்தேறி என்னும் சொல்லைப் பிறர் நம்மேல் எறியும்போது நோகும் நாம், அதனை ஒரு செடியின்மேல் எறிவதற்குமுன் சிந்தித்தல் நலம். மண் மறுப்பது வேறு. மனிதர் மறுப்பது வேறு. பியோனிக்குக் கெமாஸ் ஒவ்வாமை குளிரின் கணக்கேயன்றிக் குலத்தின் கணக்கன்று.

மூன்றாவது கட்சியே கூர்மையானது. "இது பூவின் ஆசையா, துரையின் ஆசையா?" என்றார் ஒரு முதியவர். ஆங்கிலப் பள்ளியில் பயின்றோர்க்கு இக்கேள்வி சுருக்கென்று தைக்கும். கண்ணாற் காணாத குளிர்நாட்டு மலர்களைப்பற்றிய பாடல்களை நமக்கு நெட்டுருச் செய்வித்த பள்ளி, வேலியோரத்துச் செம்பருத்தியைப்பற்றி ஒரு வரியும் சொல்லித்தரவில்லை. எந்த மலர் மதிப்புடையது என்னும் தீர்ப்பையும் பாடத்தோடு சேர்த்தே ஊட்டிற்று. உதகையில் 1848-லிலும், நுவரெலியாவுக்கருகில் ஹக்கலையில் 1861-லிலும் தாவரத் தோட்டங்கள் தோன்றின. வெயிலுக்கஞ்சி மலையேறிய வெள்ளையர் அம்மலைகளிலே தம் ஊர்ப் பூக்களைப் பரப்பித் தம் ஊரையே ஒருவாறு படைத்துக்கொண்டனர். மண்வெட்டி பிடித்து அதனைப் படைத்தவர் தமிழ்த் தொழிலாளர். பங்களாத் தோட்டத்திற் பூ வளர்த்தவன் தன் லயத்து வாசலிற் பூ வளர்க்க நேரமின்றித் திரும்பினான். ஆகவே முதியவரின் கேள்வி வெறுங்கேள்வியன்று.

எனினும் நாம் நண்பரின் பக்கமே சாய்கிறோம். அவர் கிழங்கை நட்ட பின் ஒவ்வொரு நாளும் பெரட்டுக்கு முன்னரே எழுந்து, கைவிளக்குடன் தொட்டியருகிற் குந்தி முளையைப் பார்த்தார். அங்கே அவரைக் காண ஒருவருமில்லை. பிறர் பார்க்கவேண்டுமென்னும் ஆசை இருளிற் குந்தாது. ஆசை எவ்வழி வந்ததாயினும், செடியருகே வந்தபின் அது செடியின்மேலான அக்கறையாக மாறிவிட்டது என்பதே நம் துணிபு.

பூ வயிற்றை நிரப்பாது என்பாரும் உளர். உண்மை. ஐக்கிய மலாய் நாடுகளின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் 16-இல் ஒரு பங்கு நிலம் பயிரிடத் தரவேண்டுமென்றது. ஏறத்தாழ 2,700 சதுர அடி. அந்நிலத்திற் கீரையும் மிளகாயும் வைத்தது போக மூலையில் ஒரு மல்லிகையோ சாமந்தியோ நின்றது. 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சியில் அம்மூலையும் மரவள்ளிக்குப் போயிற்று, கொத்திய பலரையே சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோயினர், மீளாதார் பல்லாயிரவர். கெமாஸ் நிலையத்தில் இருவழி பிரியும் தண்டவாளத்தைப் பார்க்கும் போதெல்லாம் நமக்கு அந்நினைவு வரும். இங்கிருந்து கிழக்குக் கரைக்குச் செல்லும் பாதையின் இரும்பையும் பெயர்த்து அச்சயாம் பாதைக்கே எடுத்துச் சென்றனர். பசிவந்த காலத்திற் பூ விலகி நின்றதில் வியப்பில்லை. பசி நீங்கியவுடன் லயத்துப் பெண்கள் முதலில் தேடியவற்றுள் ஒரு மல்லிகைக் கன்றும் இருந்தது என்று நம் வீட்டு முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இனி வினாவின் உள்ளே நுழைவோம். பியோனிக்கும் ஐரிசுக்கும் ஒரு குணவேறுபாடு உண்டு. பியோனி, நட்ட இடத்தில் மூன்றாண்டு காத்திருந்தே நன்கு பூக்கத் தொடங்கும். பூக்கத் தொடங்கினால் ஐம்பது ஆண்டும் அதற்கு மேலும் அங்கேயே நின்று பூக்கும். முளைக்கண் இரண்டங்குலத்துக்கு மேல் ஆழத்திற் புதைந்தால் இலைமட்டும் காட்டி முரண்டு பிடிக்கும். இடம் பெயர்த்தாலோ, மீண்டும் ஆண்டுக்கணக்கில் ஊடும். ஐரிஸ் நேர்மாறு. அதன் கிழங்கு பாதி வெயில் காயவேண்டும். மூன்று நான்கு ஆண்டுக்கொருமுறை தோண்டிப் பிரித்து நடாவிட்டால் தன்னைத் தானே நெருக்கிக்கொண்டு பூப்பதை நிறுத்திவிடும். பிரித்தால் மிஞ்சும், மிஞ்சியதை அண்டை வீட்டாருக்குக் கொடுத்தே ஆகவேண்டும். காஷ்மீரத்தில் இடுகாடுகளின்மேல் ஐரிசை நட்டு வைப்பது வழக்கம். ஒரு கல்லறையிலிருந்து மற்றொன்றுக்குக் கிழங்கு பிரிந்து சென்றுகொண்டே இருக்கும்.

ஆகவே பியோனி நிலமுடையார் மலர். நாளை நாம் எங்கிருப்போம் என்றறிந்தவனே அதனை நடலாம். இமயத்தில் அது காட்டுச்செடியாகவும் உண்டு; குமாவூன் பகுதியினர் அதன் இளந்தழையைக் கறியாகச் சமைக்கின்றனர். காட்டில் நிற்பதற்கு உரிமைப்பத்திரம் வேண்டியதில்லை. தோட்டத்தில் நிற்பதற்கோ வேண்டும். கிராணிக்குக் கொடுத்த வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போவது. குளிர்பெட்டி செய்யமுடிந்ததை இவ்விடத்தில் ஒரு பெட்டியும் செய்யமுடியாது. மழை அழுக்காமல் விட்டிருந்தாலும், மூன்றாவது ஆண்டில் அத்தொட்டி எந்த வாசலில் இருக்குமென்று நண்பரால் சொல்லியிருக்க இயலாது.

நம் மக்களோ பன்னெடுங்காலமாகப் பிறர் நிலத்திலேயே பூ வளர்த்தவர்கள். மண்ணெண்ணெய்த் தகரத்திலும் பால்மாவு டின்னிலும் செடி வைக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? இடமில்லாமையால் மட்டும் வந்ததன்று. ஆணை வந்தால் தூக்கிக்கொண்டு போகலாம் என்னும் முன்யோசனையும் அதில் உண்டு. 1950-களிலும் 60-களிலும் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது எத்தனை டின்கள் லாரியேறினவோ! அந்நாளில் 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் பணத்திலேயே தோட்டம் வாங்கச் செய்தார். அது நடும் கைக்கே நிலமும் ஆகவேண்டுமென்னும் முயற்சி.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதித் தோட்டமொன்றில் அம்மையார் ஒருவர் ஓய்வு பெற்றார். இளமையிற் பால் வெட்டியவர். பின்னர்ச் செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்கியவர். மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்யுமாறு ஓலை வந்தது. வாசலில் இருபதாண்டு வளர்ந்த மல்லிகைக் கொடி, கூரைவரை ஏறியது. சட்டத்தைக் கேட்டால் ஐயமில்லை. 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச்சட்டம், நிலமென்பதில் அதன்மேல் வளரும் தாவரமும் அடங்கும் என்கிறது. அந்தக் கொடி கம்பெனியினது. குளித்த நீரை வீணாக்காமல் இருபதாண்டு அதற்கு ஊற்றிய கை எந்தப் பத்திரத்திலும் பதிவாகவில்லை.

அவர் மகன், "வேரோட வெட்டிப் போட்டுடுங்கம்மா" என்றான். இதனைப் பொறாமை என்று தள்ளிவிட நாம் விரும்பவில்லை. முப்பதாண்டு உழைப்பைக் கொண்டவர்கள் மல்லிகையையும் கொள்வதா என்னும் மானவுணர்ச்சி அதிலிருந்தது. அம்மையார் சொன்னதோ இவ்வளவே: "பூத்துக்கிட்டு இருக்குறதை எப்படிடா வெட்டுறது? கம்பெனியா தலையில வைக்கப் போவுது?"

இதில் யார் பக்கம் நியாயம்? வளர்த்தவனுக்கு அழிக்கும் உரிமையும் உண்டென்றால், வளர்த்தலே ஒருவகை உடைமைப் பத்திரமாகிவிடுகிறது. நிலமுடையான் கூறும் வாதமும் ஏறக்குறைய அதுவேயன்றோ? என்னுடையது, ஆகவே என் விருப்பம் என்பான் அவன். மகன் கம்பெனியை எதிர்க்கக் கம்பெனியின் அளவுகோலையே கையிலெடுத்தான் என்று நமக்குப் படுகிறது. ஆயினும் அவன் கோபம் கேட்கும் ஒன்றை மறுப்பதற்கில்லை. தோட்டம் கைமாறும்போது ஹெக்டேருக்கு 136 முதல் 148 வரை நிற்கும் செம்பனைகள் எண்ணி விலை மதிக்கப்படுகின்றன. லயத்து வாசலின் மாமரத்தையும் முருங்கையையும் மல்லிகையையும் எண்ணுவார் இல்லை. நட்டவரை ஒரு வார்த்தை கேட்பதும், நட்டதற்கு ஒரு தொகை கொடுப்பதும் சட்டம் சொல்லாவிட்டாலும் கடமையே. காலி செய்வோர்க்குக் கொடுக்கும் கணக்கில் அதற்கென ஒரு வரி இருத்தல் வேண்டும் என்று தொழிற்சங்கத்தார் கேட்பார்களானால், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்; நாம் கையெழுத்திடுவோம்.

அம்மையார் தவணை முடியுமுன் தாழ்ந்த கிளைகள் இரண்டை மண்ணில் வளைத்துப் பதியன் போட்டார். இரண்டு மாதத்தில் வேர்விட்டது. பதியன்களை டின்னில் எடுத்துக்கொண்டு, தாய்க்கொடியை விட்டுச் சென்றார். மல்லிகையாதலின் இவ்வழி கிடைத்தது. மாமரமாயிருந்தால் இல்லை, பியோனியாயிருந்தால் ஊடல் தெளிந்து பூக்கும்வரை அவர் வயது காத்திருக்குமோ, யாரறிவார்? பிரிக்கக்கூடிய செடியை நடுவதே பிறர் நிலத்தில் வாழ்வோர்க்கு அறிவுடைமை என்று சிலர் இதிலிருந்து முடிவு கட்டலாம். அந்த அறிவுடைமையை நாம் மெச்சுகிறோம். அதனை ஒரு சமுதாயத்தின் நிரந்தர ஏற்பாடாக வைக்க ஒப்போம். ஒருவன் தன் வாழ்நாள் முழுதும் டின்னில் அடங்குவதையே நடவேண்டுமென்பது அறிவுரையாகத் தோன்றினும், உள்ளே ஒரு தண்டனை இருக்கிறது.

அவ்வீட்டுக்கு அடுத்து வந்தவர்கள் நேப்பாளத்து இளைஞர் நால்வர். அந்நாட்டின் மேற்கு மலைகளில் வெள்ளைப் பியோனி தானாக வளர்கிறது. அவர்கள் அதைக் கண்டவர்களோ அல்லரோ. நால்வரில் ஒருவர் கொடிக்குத் தண்ணீர் ஊற்றி வந்தார். பூவைப் பறித்து என் செய்வதென்று தெரியாமல் ஒரு கிண்ணத்தில் இட்டு ஜன்னலருகே வைப்பார் என்று அடுத்த வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். பின்பு அவ்வீட்டுப் பெண்களில் ஒருத்தி நாரெடுத்துக் கொடுத்துத் தொடுக்கக் கற்பித்தாளாம்.

மறுநடவுக்காக அந்த லயம் முழுதும் பின்னர் இடிக்கப்பட்டது. கொடியும் அதனோடு போயிற்று. அம்மையார் இப்போது கெமாஸ் பட்டணத்து மலிவுவிலை வீடொன்றில் மகனோடிருக்கிறார். பதியன்களில் ஒன்று அங்கே முன்கம்பி வேலியில் ஏறியிருக்கிறது. வெட்டச் சொன்ன மகனே அதற்குப் பந்தல் கட்டியிருக்கிறான். மற்றொன்றை யாருக்கோ கொடுத்துவிட்டார். யாருக்கென்று கேட்டோம், நினைவில்லை என்றார்.