தாய்மையும் மறைச்சாட்சியமும்

திருப்பலியின் முதலாம் நற்கருணை மன்றாட்டில் பெலிசித்தா, பெர்பெத்துவா என்னும் இரு பெயர்களைக் கேட்கிறோம். கி.பி. 203-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் நாள், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர அரங்கில் விசுவாசத்திற்காக உயிர் நீத்த இளந்தாய்மார் இவர்கள். பெர்பெத்துவா உயர்குடியில் பிறந்தவர். வயது ஏறத்தாழ 22. கைக்குழந்தைக்குப் பாலூட்டி வந்தவர். பெலிசித்தா அடிமைப் பெண், சிறைப்பட்டபோது கர்ப்பிணி.

பச்சிளங் குழந்தையை விட்டுச் சாவை ஏற்க ஒரு தாய்க்கு உரிமை உண்டா? இக்கேள்வி நம் உள்ளத்தில் எழுவது இயல்பே. பெர்பெத்துவாவின் சிறைக் குறிப்புகளும் இதை மறைக்கவில்லை. குழந்தையைப் பற்றிய கவலையே தம்மை வாட்டியது என்றும், பிள்ளை தம்மிடம் தரப்பட்டதும் சிறையே மாளிகையாயிற்று என்றும் அவர் எழுதுகிறார். முதிய தந்தை காலில் விழுந்து கெஞ்சியபோது அவர் உள்ளம் நொந்தது. ஆயினும், குடத்தைக் குடம் என்றன்றி வேறு பெயரால் அழைக்கலாகாதது போல, தாம் கிறிஸ்தவள் என்பதை அவரால் மறுக்க இயலவில்லை. தாயன்பு குன்றியதால் அன்று, உண்மையை விற்று அவ்வன்பைக் காக்க மனமில்லாததாலேயே அவர் சென்றார்.

பெலிசித்தாவுக்குச் சிறையிலேயே குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. அதனைக் கிறிஸ்தவச் சகோதரி ஒருவர் தம் மகளாகவே வளர்த்தார். அவர் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. எனினும் அத்தாயின் சாட்சியம் அவர் மடியில்தான் தொடர்ந்தது.

இதனை மல்லாங்கிணற்றிலிருந்து எண்ணும்போது வேறொரு கேள்வியும் எழுகிறது. விருதுநகர், சிவகாசி வட்டாரங்களில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பட்டாசு ஆலைக்குச் செல்லும் தாய்மார் பலர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய சாவுகளைத் 'தியாகம்' எனக் கூறி நாம் ஆறுதல் கொள்வது முறையா? மறைச்சாட்சி ஒரு சொல் சொல்லியிருந்தால் வீடு திரும்பியிருப்பார், அறிந்தே மறுத்தார். வறுமை துரத்திய தாய்க்கு அத்தகைய தெரிவு ஏது? அவர் சாவு காணிக்கை அன்று. தடுத்திருக்க வேண்டிய இழப்பு. அதற்குப் புனிதப் பெயர் சூட்டுவது நம் பொறுப்பைக் கைகழுவுவதாகும்.

இப்புனிதர்களின் திருநாளில் அகுஸ்தினார் மறையுரைகள் ஆற்றியுள்ளார். நாமும் மார்ச் 7-இல் அவர்களை நினைவுகூர்கிறோம். அந்நாளில் மெழுகுதிரி ஏற்றுவது நன்று. தாயை இழந்த பிள்ளையின் படிப்பை ஏற்பதும், ஆலைகளில் பாதுகாப்பு விதிகள் காக்கப்படக் குரல் கொடுப்பதும் அதனினும் நன்று. பெயரறியா அச்சகோதரியின் பணி இன்றும் ஆள் தேடி நிற்கிறது.