அருவியில் எறிந்த விக்கிரகங்கள்



வட சமுத்திரத்தில் ஐஸ்லாந்து என்றொரு தீவு உண்டு. எரிமலைகள் கக்கிய அக்கினிக் குழம்பு ஆறி, கருங்கல்லாய் இறுகிப்போன பூமி அது. அத்தீவின் வடபாகத்தில், பனிமலையிலிருந்து வரும் ஓர் ஆறு அந்தக் கல்லை அறுத்துக்கொண்டு, லாடம்போல் வளைந்த விளிம்பிலிருந்து சுமார் 12 மீட்டர் கீழே விழுகிறது. கோதாஃபோஸ் என்று அதற்குப் பெயர். தேவர்களின் அருவி என்று பொருள் சொல்வார்கள்.

எந்தத் தேவர்கள்? ஏறக்குறைய 1000-ஆம் ஆண்டில் அத்தீவார் இரு கட்சியாய் நின்றார்கள். ஒரு கட்சி ஞானஸ்நானம் பெற்றவர்கள். மற்றவர்கள் ஓடின், தோர் முதலிய பழைய தேவர்களை வணங்கினவர்கள். நாட்டுச் சபை கூடியபோது சண்டை மூளும்போல் இருந்தது. அச்சமயம் ஒரு மலை நெருப்புக் கக்குகிறதென்று செய்தி வந்ததாம். தேவர்களின் கோபம் என்று சிலர் கூவினார்கள். ஸ்நோரி என்ற தலைவரோ, நம் காலின்கீழ் இருக்கும் இந்தப் பாறை எரிந்த நாளில் அவர்கள் யார்மேல் கோபித்தார்கள் என்று கேட்டாராம். நல்ல கேள்வி!

தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு தோர்கேயிர் என்பவரிடம் வந்தது. அவரும் அஞ்ஞானியே. ஒரு பகலும் ஓர் இரவும் போர்வைக்குள் பேசாமல் படுத்திருந்தார். பிறகு எழுந்து, நாட்டுக்குச் சட்டம் ஒன்று, வேதம் ஒன்று, எல்லாரும் ஞானஸ்நானம் பெறவேண்டும் என்றார். அவர் ஊர் அந்த அருவிக்குச் சமீபம். வீடு திரும்பித் தம் விக்கிரகங்களை அதில் எறிந்தார் என்பது பிற்காலத்துக் கதை.

கேட்க அழகாய்த்தான் இருக்கிறது. ஆனால் 12-ஆம் நூற்றாண்டில் ஆரி என்ற குரு எழுதிய சரித்திரத்தில் அருவியைப்பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதிலுள்ளது வேறு. அதே தீர்ப்பில் சில சலுகைகளும் கொடுக்கப்பட்டன. பழைய வழக்கப்படி சிசுக்களை வெளியே போட்டுவிடலாம். குதிரை மாமிசம் தின்னலாம். பழைய பலிகளையும் இரகசியமாய் இடலாம், சாட்சி இருந்தால் மட்டுமே தண்டனை.

சாட்சி இருந்தால் மட்டுமே! அருவிக் கதையைப் புகழ்ந்துகொண்டே இந்தச் சலுகையில் பிழைக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? பூசையில் முன்வரிசை, பெட்டிக்குள்ளே ஜாதகக் கட்டு, ஏழையிடம் அநியாய வட்டி வாங்கிய கணக்கு. கூடப்பிறந்தவனோடு முகங்கொடுத்துப் பேசி வருஷமாயிற்று. அதற்கும் சாட்சி இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் குதிரை மாமிசத்தை மறவாமல் சொல்லுவோம். சிசுவை வெளியே போட்டதை மட்டும் விட்டுவிடுவோம்.

சில வருஷங்களுக்குள் அந்தச் சலுகைகள் ஒழிக்கப்பட்டன என்று அதே ஆரி எழுதிவைத்திருக்கிறார். நீங்கள் ஞானஸ்நானம் பெற்று எத்தனை வருஷமாயிற்று?